நோன்பா, மருந்தா?

திருச்செங்கோட்டு மலையுச்சியில் உள்ள வறடிக்கல்லைப் பிள்ளைவரம் வேண்டிச் சுற்றுவது அவ்வூர் வழக்கம். 2010இல் வெளிவந்த பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ அங்கே மகப்பேறற்ற தம்பதியர் பட்ட ஏச்சுப்பேச்சுகளைக் கதையாக்கியது. அவ்வூரில் குடியேறியுள்ள நம் உறவினர் மகளுக்குக் கல்லைச் சுற்றும் எண்ணம் இல்லை. சோறும் இனிப்பும் குறைக்குமாறு மருத்துவர் பணித்தார், குறைத்தாள்.

காரணம் இதுவே. சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு உடையோர் பலருக்கு இன்சுலின் சரிவரச் செயற்படாமையால் உடல் அதனை மிகுதியாகச் சுரக்கிறது. அம்மிகை ஆண்தன்மைச் சுரப்பைத் தூண்டிக் கருமுட்டை வெளிப்படுதலைத் தடுக்கிறது. மைதாவும் சர்க்கரையும் இரத்தச் சர்க்கரையை விரைந்து ஏற்றி இறக்குதலால் மீண்டும் தின்னும் அவா எழுகிறது. எடை மிக்கோர் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்குறும். எனினும் மாவுச்சத்தைக் குறைக்கும் உணவே பிறவற்றினும் மேலானது என 2023ஆம் ஆண்டுப் பன்னாட்டு மருத்துவ வழிகாட்டி கூறவில்லை. முட்டை தொடாத நம் இல்லங்களில் பயறும் கொண்டைக்கடலையும் தயிரும் உள. நிலக்கடலையும் உண்டு, அது மண்ணுள் விளையினும் கிழங்கன்று.

அவள் என்னிடம் கேட்டது வேறு. “பெரியப்பா, மூன்று மாதமாக இனிப்பைத் தொடவில்லை. இதுவும் நோன்புதானே?”

புறத்தவம் ஆறனுள் சுவை துறத்தலும் ஒன்று என்பது உண்மையே. ஆனால் தத்துவார்த்த சூத்திரம் சல்லியம் அற்றவனையே விரதி என்கிறது. மாயை, மித்தியாத்துவம், நிதானம் என்னும் மூன்று முட்களுள் நிதானமாவது தவத்திற்கு உலகப் பயனை விலையாகக் கேட்டல். ஆகவே மருந்தென்றே சொல் அம்மா என்றேன். அவள் முகம் வாடிற்று.

நான் கண்டிப்புக்காகக் கூறியதன்று. இல்லறத்தார் மகவை விரும்புதல் குற்றமாகாது. ஆயின் நோன்பென்று பெயரிட்டுவிட்டால், கரு தங்காத ஒவ்வொரு மாதமும் தன் தவமே பழுதென்று அவள் தன்னையே நோவாள். ஒருநாள் லட்டு தின்றதை எண்ணி அழுவாள். மருந்து பலிக்காவிடின் உண்டவரை எவர் பழிப்பர்? அன்றியும், நோன்பு ஒருவர்க்கே உரியது. மருத்துவமோ இருவர்க்கும் உரியது. மகப்பேறின்மையில் ஆண்பாற் குறையும் பெரும்பங்கு கொள்கிறது. அவள் கணவரோ அதுவரை சோதனைக்கே செல்லவில்லை. பாயசத்தை வற்புறுத்தி ஊற்றி, உடனே “விசேஷம் உண்டா?” என வினவும் உறவினர் சொல்லும் இம்சையே, நானும் சென்ற பொங்கலன்று அவ்வாறு வினவியவன்தான்.

இப்போது அவ்வீட்டில் இருவர் தட்டிலும் சோறு ஒரு கரண்டியே. கணவர் சோதனைக்கு நாள் குறித்துவிட்டார்.