மருந்துக்கடையும் மனச்சான்றும்

வாணிபம் நம்பிக்கையை அடிப்படையாகக் கொண்டது என்பர். ஆயினும், பெரும்பாலான பண்டங்களைப் பொறுத்தவரை அந்நம்பிக்கைக்குத் துணையாக வாங்குவோனின் ஐம்புலன்களும் நிற்கின்றன. மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை செல்லும் வீதியில், வாழைச்சேனையை அடுத்துள்ள ஓட்டமாவடியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வயலையும் களப்பையும் நம்பி வாழும் மக்கள் நெல்மணியைக் கடித்து அதன் காய்ச்சலை அறிவர். செவுளை விரித்து மீனின் புதுமையை அறிவர். அதே மனிதர் மருந்துக்கடை முகப்பில் வந்து நிற்கும்போது, அவரது அனுபவ அறிவு அனைத்தும் பயனற்றுப் போகின்றது. கையிற் பெறும் மாத்திரை வீரியமுடையதா, வீரியம் இழந்ததா என்பதை நாவோ கண்ணோ அறியாது. வாங்குவோன் சோதித்தறிய இயலாத பண்டத்தை விற்பவனின் அறம் யாது என்பதே ஈண்டு ஆராயத்தக்க வினாவாகும்.

ஜேர்மானிய மெய்யியலாளர் இமானுவேல் கான்ற், 1785 இல் வெளியிட்ட அறவியல் நூலில் ஒரு கடைக்காரரை எடுத்துக்காட்டுகின்றார். அனுபவமற்ற சிறுவனிடமும் அவர் கூடுதலாக விலை பெறுவதில்லை. ஆனால் அந்நேர்மை கடமையுணர்விற் பிறந்ததா, வாடிக்கையாளரை இழக்கக்கூடாதென்ற தன்னலத்திற் பிறந்ததா என்பதே கான்ற்றின் வினா. சாதாரணக் கடையில் இவ்விரண்டும் ஒரே பயனைத் தருதல் கூடும். மருந்துக்கடையில் அவ்வாறன்று. இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியசு வரையான குளிரில் வைத்துப் பேணப்பட வேண்டியது. வெப்பத்தால் அது வீரியம் இழந்தாலும், நிறம் மாறாது தெளிவாகவே தோன்றக்கூடும். அதனை ஏற்றிக்கொண்ட நோயாளியின் உடல்நிலை சீர்கெடுமாயின், பழி நோயின்மீது விழும், உணவின்மீது விழும், விதியின்மீதும் விழும். கடைக்காரரின் நற்பெயருக்கு ஊறு நேராது. தவறு தன்னைத் தேடி வராத இடத்தில் தன்னலம் நேர்மைக்குக் காவலாக நிற்க மாட்டாது.

எனவேதான் சட்டம் குறுக்கிடுகின்றது. இலங்கையில் 1980 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டமும், அதனை நீக்கி அதன் இடத்தில் வந்த 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும் மருந்து விற்பனையை உரிமப்பத்திரத்திற்கு உட்படுத்தின. பின்னைய சட்டத்தின் வழியே தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை தோன்றியது. ஆயினும் சட்டத்தின் பார்வைக்கு ஓர் எல்லை உண்டு. சுவரில் தொங்கும் சான்றிதழைப் பரிசோதகர் காண்பார். அச்சான்றிதழுக்குரியவர் ஏனைய நாள்களிலும் கடையில் இருக்கின்றாரா என்பதை எந்நாளும் காண இயலாது. மருந்தாளர் தம் பெயரை மட்டும் வாடகைக்குக் கொடுத்துவிட்டு வேறிடத்தில் இருப்பாராயின், அங்கு விற்கப்படுவது மருந்து மட்டுமன்று. பிறர் அவர்மீது கொண்ட நம்பிக்கையும் விற்கப்படுகின்றது.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. மருந்துத் தட்டுப்பாடும் உடனிருந்தது. அத்தகைய காலத்தில், குளிர்ப்பெட்டியில் இருந்தவற்றை எறிவதா, விற்பதா என்ற முடிவைப் பூட்டிய கதவுக்குப் பின்னே ஒருவர் தனித்தே எடுக்க வேண்டியிருந்திருக்கும். மழையில் நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்து வைத்திருந்த வணிகரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்து, அதனை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என வினவிய வரலாறு ஓட்டமாவடி மக்கள் நன்கறிந்ததே. தானியத்தில் குறையை வெளிப்படுத்தினாற் போதும். வாங்குவோன் அதனை மதிப்பிட்டு விலை பேசுவான். மருந்தில் அதுவும் போதாது. குறையைக் கூறினாலும் அதன் விளைவை அவன் அளந்தறிய மாட்டான். ஆதலின் ஐயத்திற்குரிய மருந்தை அகற்றுவதொன்றே வழியாகும். அதனால் வரும் நட்டம் விற்பவரையே சாரும்.

இதனினும் கடினமானது பிறிதொரு வினா. காய்ச்சலுற்ற பிள்ளையுடன் ஒரு கூலித் தொழிலாளி மாலையில் வருகின்றார். வைத்தியரின் துண்டு கையில் இல்லை. நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை நான்கு தருமாறு கேட்கின்றார். வைத்தியசாலைக்குச் சென்று காத்திருப்பின் நாளைய கூலி போய்விடும். தரக்கட்டுப்பாடு என்பது வசதியுடையோர்க்கே உரியது, ஏழைக்கு உடனடி உதவியே அறம் என வாதிடுவோர் உளர். அவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. பசியின் நியாயம் அதிலுண்டு.

ஆனால், பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945 டிசம்பரில் தமது நோபல் உரையில் இதனை முன்னுணர்ந்து எச்சரித்தார். தொண்டை நோவுக்குத் தானாகவே பெனிசிலின் வாங்கி, போதிய அளவு உட்கொள்ளாத ஒரு கற்பனை மனிதரை அவர் அவையின் முன் நிறுத்தினார். அம்மனிதரின் உடலில் மருந்தை எதிர்க்கப் பழகிய கிருமிகள் அவருடைய மனைவியைத் தொற்றுகின்றன. மருந்து பயன்படாமல் அவள் இறக்கின்றாள். அச்சாவுக்குப் பொறுப்பு யார் என்பதே பிளெமிங்கின் கேள்வி. நான்கு மாத்திரைகளை விற்பவர் முன் நிற்பவர் அத்தொழிலாளி ஒருவர் மட்டுமல்லர். அவர் வீட்டாரும் அயலாரும் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கின்றனர். இரக்கம் முகம் தெரிந்தவரோடு நின்றுவிடலாம். அறம் முகம் தெரியாதவரையும் எண்ண வேண்டும்.

எனினும், "துண்டு இல்லாமல் தரமுடியாது" என்று கூறி முகத்தைத் திருப்பிக்கொள்வதால் கடமை நிறைவேறிவிடுமா? நிறைவேறாது. பிள்ளையின் வயதையும் எடையையும் கேட்டு, பரசிற்றமோலின் சரியான அளவைக் கூறுதல், மூச்சுத் திணறல், வலிப்பு, நீர் பிரியாமை போன்றவை கண்டால் இரவென்றும் பாராது வைத்தியசாலைக்கு விரையச் சொல்லுதல், அங்கு சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை என்பதை நினைவூட்டுதல் ஆகிய யாவும் சேர்ந்தாலன்றி அம்மறுப்பு அறமாகாது. வெறும் மறுப்பு சட்டத்திற்கு அஞ்சுவது. வழிகாட்டும் மறுப்பு மனிதனை மதிப்பது. அவ்வழிகாட்டலுக்குக் கல்வி வேண்டும். சான்றிதழுக்குரியவர் கடையில் இருக்கவேண்டியதும் இதன் பொருட்டே. போதிய மருந்தாளரைப் பயிற்றி, தூரத்து ஊர்களுக்கும் கிடைக்கச் செய்யாத சமுதாயம், மருந்துக்கடையை மட்டும் குற்றஞ்சாட்டும் உரிமையில் ஒரு பகுதியை இழந்துவிடுகின்றது.

மருந்தின் கூறுகளாக நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து துணைபுரிவோர் என நான்கினை வகுத்தார் வள்ளுவர். ஓட்டமாவடி போன்ற ஊர்களில், நோயாளி இறுதியாகச் சந்திக்கும் துணை பெரும்பாலும் மருந்துக்கடை முகப்பில் நிற்பவரே. அவர் காலாவதியான பெட்டியொன்றை எவரும் காணாத வேளையில் தட்டிலிருந்து எடுத்து அகற்றுகின்றார். அதற்காக அவரைப் பாராட்டுவோர் இல்லை. அதனால் உயிர் தப்பியவரும் அதனை அறியமாட்டார். அறியப்படாத அச்செயலிலேயே அவரது அறம் முழுமை பெறுகின்றது.