ஒத்தி வீடும் வட்டியும்

வட்டி ஹராம் என்று அறியாத முஸ்லிம் வீடு இல்லை. ஆயினும் ஒத்திக்கு வீடு பிடிக்க நமக்குக் கூச்சமில்லை. மொத்தத் தொகை கொடுத்து, வாடகையின்றிக் குடியிருந்து, கெடு முடிந்ததும் கொடுத்ததை முழுதாக வாங்கிக்கொள்கிறோம். திரும்பி வரும் பணம் வாடகையாகுமா? அது கடன், கடனுக்காக அனுபவிக்கும் வீடு வட்டியே என்பது ஃபிக்ஹு அறிஞர் பலரின் தீர்ப்பு. பேருக்கு நூறு ரூபாய் வாடகை எழுதுவோரும் உண்டு. அல்லாஹ்வையா ஏமாற்றுவது?

குடியிருப்பவரை மட்டும் கடிவது முறையல்ல. பத்து மாத அட்வான்ஸும் கொடுத்து மாதாமாதம் வாடகையும் கட்டுவதைவிட, நகையை விற்றாவது ஒத்திக்குப் போவோம் என்கிறார்கள். 2017-ஆம் ஆண்டின் தமிழக வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. அந்த உடன்பாட்டில் வீடில்லாதவருக்கு என்ன விருப்பம் இருக்கிறது? வக்ஃபு வீடுகளையாவது ஜமாஅத்தார் நியாய வாடகைக்கும் மூன்று மாத முன்பணத்துக்கும் விடலாமே.