சொல்பவர் எதிரில் இல்லாத சொல்

பிறர் சொல்லக் கேட்டு அறிவது எப்போது மெய்யறிவாகும் என்பது இந்தியத் தத்துவ மரபில் நெடுங்காலம் வாதிக்கப்பட்ட கேள்வி. காண்டல், கருதல் ஆகியவற்றோடு நம்பத்தக்கவர் சொல்லையும் தனி அளவையாக, அதாவது அறியும் வழியாக, நியாய நூலார் கொண்டனர். சைவ சித்தாந்தம் அதை உரையளவை என்று ஏற்றது. பௌத்த அளவை நூலார் ஏற்கவில்லை. வேலை தொடர்பான பேச்செல்லாம் வாட்ஸ்அப்புக்கும் மின்னஞ்சலுக்கும் மாறிவிட்ட பின், இந்தப் பழைய வாதம் பாடசாலையை விட்டுப் பட்டறைக்கு வந்திருக்கிறது.

அதைக் காண ஏற்ற ஊர்களில் ஒன்று திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. இங்கே பட்டுத் தொழில் ஒரே கூரையின் கீழ் நடப்பதில்லை. ஜவுளிக் கடை, மாஸ்டர் வீவர் அல்லது கூட்டுறவுச் சங்கம், சாயப்பட்டறை, டிசைனுக்கு அட்டை போடுபவர், வீட்டுத் தறியில் உட்காரும் நெசவாளர் என ஒரு சேலை பல கை மாறித்தான் முடிகிறது. கை மாறும் ஒவ்வோரிடத்திலும் ஒரு சொல்லும் மாறுகிறது. நேரில் நடந்த காலத்தில் பாவையும் சரிகையையும் கொடுக்கும்போதே பார்டர், முந்தி, புட்டா எல்லாம் பேசி முடித்துவிடலாம்; எதிராளுக்குப் புரியவில்லை என்றால் முகமே காட்டிக் கொடுக்கும். கைபேசியில் ஆர்டர் வருகிறது, முகம் வருவதில்லை.

சொற்கள் எப்படிச் சேர்ந்தால் பொருள் பிறக்கும் என்பதற்கு அன்னம்பட்டர் 17-ஆம் நூற்றாண்டில் எழுதிய தர்க்க சங்கிரகம் மூன்று காரணங்கள் சொல்கிறது. ஒரு சொல் மற்றொன்றை அவாவி நிற்பது முதலாவது; விலங்குகளின் பெயர்களை வெறுமனே அடுக்கினால் வாக்கியம் ஆகாது. பொருளுக்குத் தகுதி இருப்பது இரண்டாவது. நெருப்பால் நனைக்கச் சொன்னால் அது பொருந்தாது. மூன்றாவது அண்மை. ஜாமத்துக்கு ஒரு சொல்லாக உச்சரித்தால், சொற்கள் எல்லாம் சரியாக இருந்தும் கேட்பவருக்கு அறிவு பிறக்காது என்கிறது நூல். அன்று இது மாணவருக்காகக் கட்டிய கற்பனை உதாரணம். இன்று அது ஒரு சராசரி வேலை நாள். காலை பத்து மணிக்கு “பார்டர் மாத்தணும்” என்று ஒரு வரி. பகல் ஒரு மணிக்கு ஒரு படம். சாயங்காலம் “அது இல்ல, போன தடவை போட்டது” என்று இன்னொரு வரி. நடுவே அதே குழுவில் காலை வணக்கங்களும் கல்யாணப் பத்திரிகைகளும். ஜாமம் என்பது மூன்று மணி நேரம்; கணக்குக்கூடப் பிசகவில்லை.

ஆகவே ஒரு ஆர்டருக்கு ஒரு செய்தி என்பது வெறும் அலுவலக ஒழுங்கு அன்று, அறிவு பிறப்பதற்கான நிபந்தனை. சேலை எண், உடல் நிறம், பார்டர், முந்தி, கொடுக்க வேண்டிய தேதி எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். பழைய செய்திக்குப் பதில் சொல்வதானால் அந்தச் செய்தியையே தொட்டு அதன் கீழ் எழுத வேண்டும். சொல்லுக்குக் காசு வாங்கிய தந்தி இந்தச் சிக்கனத்தைக் கட்டாயமாக்கியிருந்தது. 2013 ஜூலையில் தந்திச் சேவை நின்றது. சொல் இலவசமானதும் சிதறவும் தொடங்கியது.

நியாய நூலார் வேறு சிலர் நான்காவதாகச் சொல்பவரின் கருத்தைச் சேர்த்தார்கள். உப்புக்கும் குதிரைக்கும் பொதுவான ஒரு வடசொல்லைச் சாப்பிடும்போது சொன்னால் உப்பு, கிளம்பும்போது சொன்னால் குதிரை. இடமும் நேரமும் தெரிந்தால்தான் கருத்து தெரியும். கைபேசிச் செய்தியில் மறைவது இவ்விரண்டுமே. “சின்ன பார்டர்” என்பது கடைக்காரருக்கு ஓர் அளவு, நெசவாளருக்கு வேறு அளவு. “ஓகே” என்ற பதில் பார்த்தேன், சம்மதம், செய்தாயிற்று என்ற மூன்றையும் குறிக்கும். 2014 நவம்பரில் வாட்ஸ்அப் கொண்டுவந்த நீல நிறக் குறி செய்தி திறக்கப்பட்டதை மட்டுமே காட்டுகிறது. புரிந்ததற்கு அது சான்றல்ல. கேட்டவர் தாம் புரிந்துகொண்டதைத் தம் சொல்லில் ஒரு வரி திருப்பிச் சொல்வதே அதற்குச் சான்று. குரல் பதிவில் தொனி இருப்பதால் கருத்து தெளிவாகும். தறியில் கை ஓடும்போதே கேட்கவும் செய்யலாம். ஆனால் நான்கு நாள் கழித்து அதில் ஓர் எண்ணைத் தேடுவது பெரும்பாடு. காரணத்தைக் குரலிலும் கணக்கை எழுத்திலும் அனுப்புவதே நல்லது.

வாக்கியம் சரியானாலும் சொல்பவர் யார் என்ற கேள்வி நிற்கிறது. நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், பொருளை நேரே அறிந்து, அறிந்தபடி சொல்ல விரும்புபவரே நம்பத்தக்கவர் என்றார். இந்த இலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றே என்றும் எழுதினார். பிறப்போ பதவியோ அல்ல, அறிந்திருப்பதுதான் தகுதி. இந்த டிசைன் இந்தத் தறியில் ஏறாது என்று நெசவாளர் சொன்னால் அந்த விஷயத்தில் அவர் சொல்லே அளவை. முதலாளி மட்டும் பதிவிடும்படி பூட்டிய குழுவில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை.

ஃபார்வர்டு செய்த செய்தியிலோ சொன்னவரே இல்லை. அனுப்பியவர் நேரே அறிந்தவர் அல்லர்; அறிந்தவர் யாரென்று எவருக்கும் தெரியாது. 2018 மே மாதம் இதே மாவட்டத்தில் போளூர் அருகே, குழந்தை கடத்துவோர் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பிய கூட்டம், கோயிலுக்கு வந்த ஒரு குடும்பத்தை அடித்தது. மூதாட்டி ஒருவர் இறந்தார். அவ்வாண்டு ஜூலையில் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் வரம்பு வைத்தது. வரம்பு வேகத்தைக் குறைக்கும், சொன்னவரைக் கொண்டுவந்து நிறுத்தாது. சட்டம் இதில் கறாராக இருக்கிறது: 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்ட சான்றிதழைக் கேட்கிறது.

பௌத்தரின் மறுப்பும் வேலைக்கு உதவுவதே. மணிமேகலையில் அறவண அடிகள் கற்பிக்கும் அளவைகள் காட்சியும் அனுமானமும் மட்டுமே. மற்றவை அனுமானத்துள் அடங்கும். பணம் போட்டாயிற்று என்று வரும் ஸ்கிரீன்ஷாட்டை வெறும் அடையாளமாக மட்டும் எடுத்துக்கொண்டு, வங்கிக் கணக்கைத் திறந்து பார்ப்பவர் இந்தக் கட்சிக்காரர்.

காட்சி ஒன்றே தீர்க்கக்கூடியதும் உண்டு: நிறம். மயில்கழுத்து நிறம் பாவில் ஒரு நிறமும் ஊடையில் ஒரு நிறமும் ஓடுவதால் பிறப்பது. சேலையைத் திருப்பத் திருப்ப மாறும். படம் ஒரு கோணத்தைத்தான் பிடிக்கும். அதையும் ஒவ்வொரு கைபேசித் திரையும் ஒவ்வொரு விதமாய்க் காட்டும். எவ்வளவு நல்ல கருவியாயினும், சாயம் ஏறுமுன் ஒரு நூல் துண்டு கைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

சொல் மெய்யா என்பதோடு, சொல்வது முறையா என்ற கேள்வியும் உண்டு; அதற்குச் சமணர் விடை சொல்கிறார்கள். ஆரணி வட்டாரம் தமிழ்ச் சமணர் இன்றும் வாழும் பகுதி. போளூர்ப் பக்கம் திருமலையும் வந்தவாசிப் பக்கம் பொன்னூர் மலையும் அவர்கள் தலங்கள். சமணரின் தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அதிகாரத்தில், இல்லறத்தாரின் வாய்மை நோன்புக்கு ஐந்து குற்றங்களைக் குறிக்கிறது. பொய்யான ஆவணம் எழுதுவது அவற்றில் ஒன்று. பிறர் மறைவாகச் செய்ததையும் எண்ணியதையும் வெளிப்படுத்துவதும் குற்றமே. வெளியிட்டது உண்மையாகவே இருந்தாலும் வாய்மை கெடுகிறது என்பதே இப்பட்டியலின் நுட்பம். நெசவாளர் தனியே கேட்ட முன்பணத்தைக் குழுவில் போட்டு உடைப்பவர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் நோன்பு தவறியவர். ஆவணக் குற்றத்துக்கும் புதிய வடிவம் வந்திருக்கிறது. 2023 மே முதல் அனுப்பிய செய்தியைப் பதினைந்து நிமிடத்துக்குள் திருத்தலாம். திருத்தியதாகக் குறிப்பு நிற்கும், பழைய எழுத்து நிற்காது. எழுத்துப்பிழையைத் திருத்துவதில் குற்றமில்லை. பேசிய கூலித் தொகை மாறுவதானால் பழைய செய்தி அப்படியே இருக்க, புதிய செய்தியாகத்தான் அனுப்ப வேண்டும்.