வயர் இல்லாத தெர்மோஸ்டாட்

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். நகர மையத்தில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் ஏர்கான் பராமரிப்பு. ஒன்பதாவது மாடியில் கணக்குப் பிரிவில் இருந்த ஓர் அக்கா வாரத்துக்கு இரண்டு முறையாவது கூப்பிடுவார். "தம்பி, குளிர் தாங்கல. விரலெல்லாம் விறைச்சுப் போச்சு." வெளியே 32 டிகிரி. அவர் தோளில் ஸ்வெட்டர்.

என்னோடு வந்த மூத்த டெக்னீஷியன், சுவரில் இருந்த தெர்மோஸ்டாட்டை அவர் கண்ணெதிரே இரண்டு டிகிரி கூட்டி வைத்தார். பத்து நிமிடத்தில் அக்கா, "இப்போ பரவால்ல தம்பி" என்றார். லிஃப்டில் இறங்கும்போது டெக்னீஷியன் சொன்னார்: "அதுக்கு வயரே கிடையாதுடா."

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் பிறகு உறுத்தியது.

இந்த வித்தை எங்கள் கட்டடத்தில் பிறந்தது அல்ல. அமெரிக்க அலுவலகங்களில் இப்படிப் பொய்ப் பெட்டி மாட்டுவது இந்தத் தொழிலில் பழைய செய்தி. ஆனால் நான் படித்த பாடத்தில் இதற்கு இடமே இல்லை. டென்மார்க்கின் ஃபாங்கர் 1970இல் எழுதிய நூலில் உடல் சௌகரியத்துக்கு ஆறு காரணிகள் உண்டு: காற்றின் வெப்பம், சுவர்களிலிருந்து வரும் கதிர்வெப்பம், காற்றின் வேகம், ஈரப்பதம், உடை, செய்யும் வேலை. ஆறையும் சமன்பாட்டில் போட்டால், எத்தனை பேர் குறை சொல்வார்கள் என்பதுவரை விடை வரும். மனசு என்று ஏழாவதாக ஒன்று கிடையாது.

அந்தச் சமன்பாடு இடறிய ஊர்களில் சிங்கப்பூரும் ஒன்று. ரிச்சர்ட் டி டியரும் சகாக்களும் இங்கே நடத்திய ஆய்வு 1991இல் வெளியானது. ஏர்கான் அலுவலகங்களில் இருந்தவர்களுக்குக் குளிருமில்லை, வெக்கையுமில்லை என்று தோன்றியது சுமார் 24 டிகிரியில். ஜன்னல் திறந்த அடுக்குமாடி வீடுகளில் இருந்தவர்களுக்கு அது 28.5. ஊர் ஒன்றுதான், பருவநிலையும் ஒன்றுதான். மெல்லிய உடை, மின்விசிறிக் காற்று என்று கொஞ்சம் விளக்கலாம். மிச்சம் இருப்பதை டி டியரும் கெயில் பிரேகரும் 1998இல் எதிர்பார்ப்போடும், சூழலைத் தானே மாற்றிக்கொள்ள முடியும் என்ற உணர்வோடும் தொடர்புபடுத்தினார்கள்.

பூன் லேயில் எங்கள் வீவக வீட்டுக்கு இந்த ஆய்வு புதுசு இல்லை. ஹாலில் ஏர்கான் கிடையாது. அப்பா மின்விசிறியை மூன்றில் வைப்பார். முட்டிவலி என்று அம்மா இரண்டுக்கு இறக்குவார். அலுவலகத்திலிருந்து வரும் எனக்கு முதல் அரை மணி நேரம் அவிந்துபோகும். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கேட்டால் அம்மா, "நம்ம வீட்டு வெக்கைதானே" என்பார். அந்த 'நம்ம'வில் ஜன்னலும் அந்த ரெகுலேட்டரும் சேர்த்திதான்.

சௌகரியத்தில் பாதி மனசு என்றால், பொய்ப் பெட்டியில் என்ன தப்பு? அக்காவின் குளிர் நிஜமாகவே குறைந்தது. மின்சாரம் செலவாகவில்லை. யாருக்கும் நஷ்டமில்லை. வெகுநாள் இந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற உளவியலாளர்களின் பரிசோதனை ஒன்று உண்டு. 1972இல் நூலாக வந்தது. பலத்த இரைச்சலில் ஆட்களை உட்கார வைத்து, ஒரு சாராரிடம் மட்டும், முடியாவிட்டால் இந்தப் பொத்தானை அழுத்தினால் சத்தம் நிற்கும் என்றார்கள். பெரும்பாலோர் அழுத்தவே இல்லை. ஆனாலும் பிறகு கொடுத்த வேலைகளை, பொத்தான் இல்லாதவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். பொய்ப் பெட்டிக்கு இதைத்தான் ஆதரவாகச் சொல்வார்கள். எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. நிஜமான அதிகாரத்தைக் கொடுத்தாலும் மனிதர்கள் அதை அவ்வளவாகப் பயன்படுத்தப் போவதில்லை என்றால், பிறகு ஏன் பொய்யைக் கொடுக்க வேண்டும்?

இன்னொன்று, இந்த உதவி அக்காவுக்குத் தெரியாதவரைதான் வேலை செய்யும். ஒருவரிடம் மறைத்தால் மட்டுமே பலிக்கிற நன்மையை, அவருக்குச் செய்த நன்மை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சில மாதங்கள் கழித்து, வேறொரு வேலையாகப் போனபோது அவர் மேசைக்கு ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். குளிர்காற்று வெளிவரும் துவாரம் அவர் தலைக்கு நேர் மேலே இருந்தது. அதன் தடுப்புத் தகடு முழுக்கத் திறந்து கிடந்தது. பாதி மூடினேன். இருபது நிமிட வேலை. வாரத்துக்கு இரண்டு முறை அவர் சொன்னது கற்பனை இல்லை. எங்கள் கட்டடத்தின் பழுதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டி அந்தப் புகாரை விழுங்கிவிட்டது.

இறங்கி வந்ததும் அக்கா சொன்னார்: "இப்போ பரவால்ல தம்பி."

அதே வார்த்தை. அவர் உடம்புக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கலாம். எனக்கு ஒன்றாக இல்லை. முதல் தடவை அவரைச் சமாளித்தோம். இரண்டாம் தடவை அவர் சொன்னதை நம்பினேன்.

அந்த வேலையை விட்டு மூன்று வருடம் ஆகிறது. பெட்டியைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. கடைசி நாள் சொல்லலாம் என்றுதான் ஒன்பதாவது மாடிக்குப் போனேன். அவர் எழுந்துபோய் அதைத் திருகிக்கொண்டிருந்தார்.