கைத்துப்பாக்கியும் வாரிசும்

தலைமுறைக்கும் நிலைக்கும் சிறு கைத்துப்பாக்கி எதுவெனத் தேடுவோர், எஃகின் உறுதியையும் கைப்பிடியின் வேலைப்பாட்டையும் ஆராய்கின்றனர். அதைப் பெறப்போகும் கரத்தை ஆராய்வார் யார்? எஃகைத் துருவேறாமல் காக்க எண்ணெய் உண்டு. பேரனின் சினத்தைக் காக்க எது உண்டு? சிறியது என்பதே அதன் சிறப்பென்பர்; சிறியது குழந்தையின் கைக்கும் எளியதன்றோ!

1959ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டப்படி வாரிசும் தம் பெயரில் உரிமம் பெற்றாக வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தமோ, வழிவழி வந்தவற்றுக்கும் இரண்டே என வரம்பிட்டது. சட்டமும் உடைமையோடு ஆளையும் பார்க்கிறது.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மறைந்தபோது, அவர்களுடைய கவசம் 30 ஸாஉ வாற்கோதுமைக்கு அடகில் இருந்தது. வீட்டாரின் உணவுக்காகப் போர்க்கவசத்தையும் ஈடு வைத்தவர்கள் அவர்கள்.

சொத்து, பங்குடையோர் அனைவருக்கும் சேரும். அமானிதம் தகுதியுடையோரிடமே சேர வேண்டும். ஆயுதம் அமானிதமே. ஆகவே, அதைத் தேர்வதற்கு முன், அதை ஏற்கும் பிள்ளையிடம் பொறுமையை வளர்ப்போமாக!