தோமாவின் எட்டு நாள்

கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு ஞானஸ்நானம் விவரம் தெரியுமுன்பே முடிந்துவிடுகிறது. பள்ளிக்கூடம் முடிவதற்குள் திடப்படுத்தல் வகுப்பு, வெள்ளைச் சட்டை, பேராயர் தலையில் கைவைத்து ஜெபம், வீட்டில் பிரியாணி. இதில் எந்த இடத்தில் நாமாக நம்பத் தொடங்கினோம் என்று யாரும் கேட்பதில்லை. கல்லூரிக்குப் போனபின் எனக்கே அந்தக் கேள்வி வந்தது. அதன்பிறகு ஞாயிறு ஆராதனையில் விசுவாசப் பிரமாணம் சொல்ல எல்லாரோடும் எழுந்து நிற்பேன். மரித்தோர் உயிர்த்தெழுவதைப் பற்றிய வரி வந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்வேன். பொய் சொல்லாதே என்று ஓய்வுநாள் பள்ளியில் கற்றுக்கொடுத்ததும் அதே சபைதானே!

புத்தகங்களைத் தேடிப் படித்தேன். ராத்திரி படிக்கையில் அசைக்க முடியாததாகத் தெரிந்த நிரூபணம், காலையில் பல் தேய்க்கும்போது ஆட்டம் காணும். மறுப்பவர்களின் வாதமும் அப்படித்தான் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

அந்தக் காலத்தில் கண்புரை முற்றியிருந்த அத்தைக்குச் சாயங்காலம் வேதம் வாசித்துக் காட்டுவது என் வேலை. யோவான் 20ஆம் அதிகாரம். காயத்தில் கைபோட்டுப் பார்க்காமல், இயேசு உயிர்த்தெழுந்தார் என்பதை நம்பமாட்டேன் என்கிறான் தோமா. எட்டு நாள் கழித்து இயேசு மறுபடி வருகிறார்.

“நிறுத்துலே. அப்போ தோமா எங்க இருந்தானாம்?”

“மத்த சீஷங்களோடதான் அத்தை, வீட்டுக்குள்ள.”

“நம்பாதவன் அங்க எதுக்குக் கெடந்தான்? அவங்களும் போடான்னு சொல்லலியே.”

சந்தேகத் தோமாவைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். யாரும் இதைச் சொன்னதில்லை. ஈட்டிக் காயத்தைத் தொட்டுப் பார்க்கவேண்டும் என்றவர், பரங்கிமலையில் ஈட்டியால் குத்துண்டு இறந்தார் என்கிறது நம் மரபு.

தோமாவைப்போல நம்புமுன்பே விசுவாசிகளோடு இருந்தவர் எங்கள் நெல்லைச் சீமையிலேயே உண்டு: எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் கரையிருப்பு, வைணவக் குடும்பம், கம்பனில் ஊறியவர். 1853இல் சாயர்புரத்தில் கிறிஸ்தவர்கள் நடத்திய கல்விச்சாலைக்குத் தமிழாசிரியராகப் போனார். ஞானஸ்நானம் பெற்றதோ 1858இல், சென்னையில். சொந்தபந்தம் என்ன சொல்லும் என்பது அந்தக் காலத்தில் சின்ன விஷயமில்லை. அந்த ஐந்து வருஷமும் அவர் விசுவாசிகள் நடுவில்தான் பிழைத்தார். அவருடைய காவியம் ‘இரட்சணிய யாத்திரிகம்’ வெளிவந்தது 1894இல். கிறிஸ்துவிடம் வந்தவர் கம்பனை வாசலில் விட்டுவிட்டு வரவில்லை என்பது அதைப் புரட்டினாலே தெரியும்.

அந்தக் காவியத்துக்கு மூலம் ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ‘மோட்சப் பிரயாணம்’. அதில் சந்தேகக் கோட்டை என்று ஒன்று வருகிறது. பயணி அதில் மாட்டிக்கொள்வது புறப்படுமுன் அல்ல. சிலுவையடியில் பாரம் கழன்று விழுந்து, பாதி வழிக்கு மேல் கடந்த பிறகு. நம்பிக்கைக்காகச் சிறையில் கிடந்தவர் எழுதிய கதை இது. வழி தெரியாமலா அந்தக் கோட்டையை அங்கே கொண்டுபோய் வைத்திருப்பார்?

அத்தையின் அடக்கத்துக்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, விசுவாசப் பிரமாணத்தில் நான் விட்டுவந்த அந்த வரியையும் சேர்த்துச் சொன்னேன். புது நிரூபணம் ஒன்றும் கிடைத்துவிடவில்லை. அந்த வரியை நம்பியே மாமாவையும் ஒரு மகனையும் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு, மறுவாரமே அடுத்த வீட்டுத் துக்கத்துக்குச் சோறு பொங்கிக் கொண்டுபோனவள் அவள். அந்த வாழ்க்கை மெய்யென்றால் அதைத் தாங்கிய வரியும் மெய்யாக இருக்கவேண்டும் என்று தோன்றியது. தர்க்கப்படி இதில் ஓட்டை இருக்கிறது, தெரிந்துதான் சொன்னேன். தெரிந்தே திருவிருந்துக்கும் போய் முழங்கால் போட்டேன்.

பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய், எல்லாம் ஆண்டவர் சித்தம் என்று சட்டென்று சொல்லிவிடுகிறவர்களைக் கண்டால் இன்றும் எனக்கு எரிச்சல்தான். ஏன் இப்படி என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. முன்பெல்லாம் அதை டீக்கடையில் நண்பர்களிடம் கேட்பேன். இப்போது ஜெபத்தில் அவரிடமே கேட்கிறேன். சில நாள் குரல் உயர்ந்துவிடுவதும் உண்டு.