சுவரில் கீறிய பெயர்

திண்டுக்கல் மலைக்கோட்டையை 1605இல் கட்டத் தொடங்கியவர் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர். பிறகு திருமலை நாயக்கர், ஹைதர் அலி, திப்பு. 1792 ஒப்பந்தத்தோடு கும்பினியார் கைக்குப் போனது. பாறையில் படி வெட்டியவர்களில் ஒருவர் பெயரும் நமக்கு வந்து சேரவில்லை. ஆனால் மேலே உள்ள சுவர்களில் பெயர்களுக்குக் குறைவில்லை. சாவியால் கீறியவை, ஆணியால் கீறியவை, பக்கத்தில் ஓர் இதயம், நடுவில் அம்பு.

செம்பட்டியிலிருந்து என்னோடு பஸ் ஏறி வந்த அக்கா மகன் கேட்டான்: "ஏன் மாமா, ராஜா பேரு இருந்தா வரலாறு, நம்ம பேரு இருந்தா கேஸா?"

"அவர் கட்டுனார்டா."

"அவரா கல்லு தூக்குனாரு?"

தொல்லியல் துறையின் நீலப் பலகையில் இதற்குப் பதில் இல்லை. அது தண்டனையை மட்டும்தான் சொல்கிறது.

இலங்கையின் சிகிரியாவில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அங்கே கண்ணாடிச் சுவரில், மலை பார்க்க வந்தவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கீறிவைத்த வரிகள் உள்ளன. பரணவிதான 1956இல் அவற்றிலிருந்து 685 பாடல்களைப் பதிப்பித்தார். இன்று அது சிங்கள இலக்கியத்தின் சொத்து. அதே சுவரில் 2015இல் ஓர் இளம் தமிழ்ப்பெண் தன் பெயரைக் கீறினார். இரண்டாண்டு சிறை. பிறகு ஜனாதிபதி மன்னிப்பு வழங்கி விடுவித்தார்.

பழசானால் சரியாகிவிடும் என்ற வாதத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. பழைய ஆட்கள் அங்கே தீட்டியிருந்த பெண்களைப் பார்த்துவிட்டு அவர்களைப் பற்றி எழுதினார்கள். நாம் 'நான் வந்தேன்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம் என்று வேறுபாடு சொல்லலாம். சொல்லிப் பார்த்தேன், நிற்கவில்லை. ராஜாக்களின் கல்வெட்டிலும் பாதி 'நான் வந்தேன், வென்றேன்' கதைதானே?

பையனின் கேள்வி நியாயமானது என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அவன் சண்டை போடுவது நாயக்கரோடு. கீறல் விழுவது வேறொருவர் மேல். நாயக்கர் பெயர் பாடப்புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது, எத்தனை சாவி வந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. சுண்ணாம்பை அரைத்து, பூசி, காயும்வரை நின்று தேய்த்த கொத்தனாருக்குப் புத்தகம் கிடையாது. அவர் கை பட்டதற்கு மிச்சமிருப்பது அந்தப் பூச்சு ஒன்றுதான். அதுவும் விரலால் தொட்டாலே சில இடங்களில் உதிர்கிறது.